படப்பிடிப்புக் களத்து நிழற்படங்களும் வங்கத்தின் நிலத்தன்மையும்

திரைப்படம் பற்றிய நூல்களில் இடம்பெறும் அசையாப் படங்கள் யாவும் ஓரினத்தன அல்ல. ஓடும் படச்சுருளிலிருந்தே ஒரு சட்டத்தைப் பெயர்த்தெடுத்து அச்சிடுவது ஒரு வகை. காட்சி முடிந்தபின் நடிகரை மீண்டும் நிற்கவைத்து, சுவரொட்டிக்கும் நாளிதழுக்குமென எடுப்பது மற்றொரு வகை. இவ்விரண்டினும் வேறாய், படம் உருவாகிக் கொண்டிருக்கும்போதே களத்தின் ஓரத்தில் ஒருவர் நின்று, நடப்பதை நடந்தவாறே பதிவுசெய்வது மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையினை ஈண்டுக் களப்படம் என வழங்குவோம்.

இப்பகுப்பு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அண்மையில் யாம் படித்து மதிப்பிட நேர்ந்த ஆய்வேடு ஒன்றில், சத்யஜித் ராய் 1973-இல் வெளியிட்ட அசனி சங்கேத் என்னும் வங்கப் படத்தைப்பற்றி ஓர் இயல் இருந்தது. 1943-ஆம் ஆண்டின் பஞ்சத்தைக் கூறும் அப்படத்தில், வறுமையின் கொடுமை தோன்றவே இயக்குநர் கருப்பு வெள்ளையை மேற்கொண்டார் என்று மாணவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். சான்றாக ஒரு நிழற்படத்தையும் ஒட்டியிருந்தார். அசனி சங்கேத் வண்ணப்படம். மாணவர் கண்டது களப்படம். படத்தையே காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவர்மேல் குற்றம் சுமத்துதல் எம் நோக்கமன்று. அச்சில் வந்த நூல்களிலேயே களப்படத்தின்கீழ் ‘படத்தில் ஒரு காட்சி’ என்று பொறித்திருக்கக் காண்கிறோம். மூலபாடத்தையும் உரையையும் பிரித்தறியாது ஒருவர் சங்கநூலை ஆராய்ந்தால் நாம் பொறுப்போமா? பொறுக்கமாட்டோம். திரைப்பட ஆராய்ச்சியில் மட்டும் அது நாள்தோறும் நிகழ்கிறது.

இனி, களப்படம் ஒரு நாட்டின் நிலத்தன்மைக்கு எவ்வகையில் சான்றாகும், எவ்வகையில் ஆகாது என்பதை வங்கத்தின் வழக்கொன்றைக் கொண்டு காண்போம். வங்கத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பெருமுதலாளரின் பணத்தையும் நட்சத்திர நடிகரையும் நம்பாது தனித்து நின்று படமெடுக்கும் முயற்சி இந்நாட்டில் அங்கேதான் உறுதியாக வேரூன்றியது. அம்முயற்சியின் பிறப்பிலேயே நிழற்படத்துக்கும் களத்தை நோக்கி நிற்றலுக்கும் பெரும்பங்கு உண்டு.

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார், ‘நதி’ என்னும் தம் படத்தை எடுக்க வங்கம் வந்திருந்தார். அப்படம் 1951-இல் வெளிவந்தது. அக்களத்தில் சுப்ரதா மித்ரா என்னும் இளைஞர், வேலை கிடையாமையால் பார்வையாளராக நின்றார். ஒளிவிளக்குகள் எங்கெங்கே நிறுத்தப்பட்டன, படக்கருவி எவ்வாறு நகர்ந்தது என்பவற்றை அவர் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார், நிழற்படங்களும் எடுத்தார். அக்குறிப்புகளை ஒளிப்பதிவாளர் கிளோது ரெனுவாரே ஒளியமைப்பின் தொடர்ச்சிக்காகக் கேட்டுப் பார்த்ததுண்டு. அதே களத்தில் பன்சி சந்திரகுப்தா கலைத்துறையில் துணைபுரிந்தார். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராயிருந்த ராயும் அங்கு வந்து போனார். 1952-இல் பதேர் பாஞ்சாலி தொடங்கப்பெற்றபோது, அசையும் படக்கருவியை முன்னர் இயக்கியறியாத மித்ரா அதன் ஒளிப்பதிவாளர் ஆனார்; அப்போது அவருக்கு வயது 21. பிறர் களத்தைப் பார்த்துப் பதிவுசெய்தவரே பின்னர்த் தமக்கென ஒரு களம் அமைத்துக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

இன்னுமொரு செய்தி. பணமின்றிப் பலமுறை நின்றுபோன அப்படத்தின் சில நிழற்படங்களை 1954-இல் கல்கத்தா வந்த மன்றோ வீலர் கண்டார். அவர் நியூயார்க்கு நவீனக் கலைக்காட்சியகத்தைச் சார்ந்தவர். இந்தியத் துணி, அணிகலன்களின் கண்காட்சிக்குப் பொருள் திரட்ட வந்தவர். முடிவுறாப் படத்தின் சில அட்டைகளைக் கண்ட அளவிலேயே அதனைத் தம் காட்சியகத்தில் திரையிட வேண்டினார். 1955 மே மாதம் அங்கே அது திரையிடப்பெற்றது. கல்கத்தாவில் வெளியானது அவ்வாண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள். வங்கச் சிற்றூர் ஒன்றின் வாழ்வு, படமாகச் செல்லுமுன் நிழற்படமாகவே கடல் கடந்து அறிமுகமாயிற்று எனலாம்.

இனி நிலத்தைப்பற்றிப் பேசுவோம். தமிழ் பயின்றோர்க்கு முதல், கரு, உரி என்னும் பாகுபாடு கைவந்தது. அதனை வேற்று நாட்டுக் கலைமேல் வலிந்து ஏற்றுதல் எமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒன்றைத் தெளிய அது ஈண்டு உதவுகிறது. திணை மயங்கலாம், ஆனால் நிலங்கள் இரண்டு ஒருங்கே கலத்தல் இல்லை என்பது அகத்திணையியல் கூறும் வரையறை. அதன் பொருள்பற்றி உரையாசிரியர் வேறுபடுவர். அவ்வாராய்ச்சியுள் இப்போது புகவேண்டா. திரைப்படமோ நிலங்களைக் கலப்பதையே தொழிலாக உடையது. இரண்டு ஊர்களில் எடுத்த இரண்டு துண்டுகளை ஒட்டிவிட்டால் அவை ஓர் ஊராகிவிடும், காண்போர் ஐயுறார்.

பதேர் பாஞ்சாலியின் நிச்சிந்திபூர் பிபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் புதினத்து ஊர். படத்தில் நாம் காணும் ஊரோ கல்கத்தாவின் தெற்கே உள்ள போரால். அங்கிருந்த பாழ்வீடு ஒன்றை வாடகைக்கு அமர்த்திப் பழுதுபார்த்து அரிகரனின் வீடாக்கினர். அப்புவும் துர்க்கையும் புகைவண்டியைக் காணும் நாணல்வெளி போராலில் இல்லை. அது பர்துவான் மாவட்டத்துப் பால்சிட்டு என்னும் ஊரின் அருகே உள்ளது. முதல்நாள் படப்பிடிப்புக்குப்பின் மறுவாரம் சென்றபோது நாணற்பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறு பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது என்று ராயே எழுதியுள்ளார். ஒரே ஓட்டமாகக் குழந்தைகள் கடக்கும் வெளியில் இரண்டு ஆண்டுகளின் பூக்கள் உள்ளன. இரவுக் காட்சிகள் பல கல்கத்தா ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை.

அபராஜிதோ (1956) இதனினும் நுட்பமானது. காசியில் அரிகரன் குடியிருக்கும் வீட்டின் முற்றம் காசியில் இல்லை. அது கல்கத்தா ஸ்டூடியோவில் பன்சி சந்திரகுப்தா எழுப்பிய அமைப்பு. மேலே திறந்த முற்றத்தில் வானத்தினின்று இறங்கும் வெளிச்சம் நிழல் வீழ்த்தாது பரவும். அதனைப் பெறுவதற்காக மித்ரா அமைப்பின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதன்மேற் பாய்ச்சித் திருப்பினார். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய ஒளித்திருப்பு முறை, ஒரு காசி வீட்டின் பகலைக் கல்கத்தாவில் பொய்யாக்க எழுந்த தேவையினின்று தோன்றிற்று. ‘பொய்யாக்க’ என்றது பழித்தற்கு அன்று. சுவரின் காரை பெயர்ந்த இடம், நீர் வழிந்த கறை, வாயிற்படியின் தேய்வு ஆகியவற்றை ஒருவர் தேர்ந்து படைக்கவேண்டுமெனில் அந்நிலத்தை அவர் எத்துணை நுணுகிக் கற்றிருத்தல் வேண்டும்! ஜல்சாகரில் (1958) நிம்திதா அரண்மனையின் புறத்தோற்றம் உண்மை. இசைமண்டபம் மட்டும் ஸ்டூடியோவில் எழுப்பியது. வங்க ஜமீனின் வீழ்ச்சிக்கு அடையாளமாக உலகம் போற்றும் அம்மண்டபம் மரமும் சாந்தும் கொண்டு சில வாரங்களுக்கு நின்ற ஒன்று.

நிலத்தன்மை என்பது கண்ணுக்கெதிரே கிடப்பதை அள்ளிக்கொள்வதால் வருவதன்று. கற்றவர் கைகள் கட்டி எழுப்புவது. படம் அக்கட்டுமானத்தை மறைத்தால்தான் படமாகும். மறைத்ததைக் காட்டுவது களப்படத்தின் இயல்பு. சுவர் முடியுமிடத்தில் முட்டுக்கொடுத்த மரச்சட்டம், கூரையற்ற அறையின்மேல் தொங்கும் விளக்குவரிசை, ‘கிராமத்து’ வாயிலின் அப்பால் நிற்கும் நகரத்து ஊர்தி ஆகியன அதில் விழும். படம் கலந்த நிலங்களைக் களப்படம் மீண்டும் பிரித்து வைக்கிறது. இதனாலேயே அது சான்றாகிறது.

இவ்வகையில் மிகப் பெரிய தொகுதியை விட்டுச் சென்றவர் நிமாய் கோஷ் (1934–2020). இங்கே ஒரு பெயர்மயக்கத்தை நீக்குதல் நலம். தமிழ்நாட்டார் நன்கறிந்த நிமாய் கோஷ் வேறொருவர் (1914–1988). அவர் நாட்டுப்பிரிவினையால் அகதிகளானோரைப்பற்றி 1950-இல் சின்னமுல் என்னும் வங்கப் படத்தை இயக்கி, பின்பு சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1960-இல் பாதை தெரியுது பார் என்னும் தமிழ்ப் படத்தை உருவாக்கிய ஒளிப்பதிவாளர். திரைத்தொழிலாளர் சங்கங்களை அமைக்க உழைத்தவர். நாம் இனிப் பேசுவது நிழற்படக் கலைஞரான கோஷ். நூலகப் பட்டியல்களில் இருவரையும் ஒருவராக்குதல் எளிதில் நேரக்கூடிய பிழை.

இக்கோஷ் கல்கத்தாவில் உத்பல் தத்தின் நாடகக் குழுவில் நடிகராயிருந்தவர். வாடகை ஊர்தியில் யாரோ மறந்து விட்டுச்சென்ற படக்கருவி ஒன்று நண்பர் வழியாகப் பழைய கடனுக்கு ஈடாக அவர் கைக்கு வந்தது. நிழற்படம் எடுக்க அவர் முறையாகப் பயின்றவரல்லர். ராய் அப்போது ராம்பூர்ஹாட்டு அருகே கூப்பி கைனே பாகா பைனே படத்தை எடுத்துக் கொண்டிருந்தார். கோஷ் அங்கே சென்று ஒத்திகைகளை எடுத்தார். அவற்றைக் கண்ட பன்சி சந்திரகுப்தா அவரை ராயிடம் அழைத்துச் சென்றார். தாம் வைத்திருக்கும் கோணங்களையே கோஷும் பிடித்துவிட்டதாக ராய் பாராட்டினார் என்பது வரலாறு. அன்றுமுதல் ராய் 1992-இல் மறையும்வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கோஷ் அவர் களங்களை விட்டகலவில்லை. மின்னொளி வெட்டும் விளக்கை அவர் பயன்படுத்துவதில்லை. களத்தில் உள்ள வெளிச்சமே போதும் என்பது அவர் கொள்கை. பெரும்பாலும் கருப்பு வெள்ளையிலேயே எடுத்தார். மேலே சொன்ன மாணவரின் பிழைக்கு வேர் இதுவே.

அவ்வெளிச்சக் கொள்கையால் ஆராய்ச்சியாளர்க்கு ஒரு பயன் விளைந்தது. மின்வெட்டு விளக்கு தனக்கென ஓர் ஒளியை உண்டாக்கிக் களத்தின் ஒளியை அழித்துவிடும். கோஷின் படங்களில் விழுந்திருப்பது, ஒளிப்பதிவாளர் சௌமேந்து ராய் படத்துக்கென அமைத்த ஒளியே. ஆகவே அவை அக்காட்சியின் ஒளியமைப்புக்கே குறிப்பேடாக நிற்பன. ரெனுவாரின் களத்தில் மித்ரா வரைந்த குறிப்பேட்டின் பணியை இவை வேறு வகையில் செய்கின்றன.

அவர் படங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் பொருள் ஒன்று உண்டு. அது ராயின் மடியில் விரிந்து கிடக்கும் குறிப்பேடு. சிவப்புத் துணியால் கட்டிய அவ்வேடு வங்கத்துக் கடைக்காரர் வரவுசெலவு எழுதுவது. கேரோர் காதா என்று அதனை வழங்குவர். திரைக்கதை, உரையாடல், உடையின் வரைவு, இசைக்குறிப்பு யாவும் அதிலேயே. ஓர் உலகப் புகழ்பெற்ற இயக்குநரின் திரைக்கதை மளிகைக் கணக்கேட்டில் எழுதப்பெற்றது என்பதை எந்தப் படமும் நமக்குக் காட்டாது. வங்கத் தன்மை யாது என்று வினவுவார்க்குப் படத்தில் உள்ள கோலமும் கூத்தும் மட்டும் விடையல்ல; படம் எவ்வேட்டில் எழுதப்பட்டது என்பதும் விடை. நெடிய உருவினரான ராய் குனிந்தும் தரையில் அமர்ந்தும் நடிகர்க்குக் கையசைவு காட்டுவதும், கருவியின் கண்ணில் தாமே கண் பதித்திருப்பதும் (சாருலதா முதற்கொண்டு கருவியைத் தாமே இயக்கினார்) அத்தகைய செய்திகளே.

இப்புகழ்ச்சிக்குப்பின் ஒரு தடையும் கூறவேண்டும். கோஷைப்பற்றி எழுதியபோது, எழுதுகோலுக்கு மாறாகப் படக்கருவி ஏந்திய பாஸ்வெல் என்று ராய் அவரை ஒப்பிட்டார். ஒப்புமை மிகப் பொருத்தமானது. ஆனால் அதன் மறுபுறத்தையும் நோக்குதல் தகும். பாஸ்வெல் எழுதியது ஜான்சனின் வரலாறு, இலண்டனின் வரலாறன்று. கோஷின் கண்ணும் ஒரு மனிதரையே நாடியது. சட்டத்தின் நடுவில் ராய். விளிம்பில் விளக்குத் தாங்குவோர், தச்சர், வேடிக்கை பார்க்க வந்த ஊரார். 1991-இல் கார்த்தியே பிரெசோனின் முன்னுரையோடு வெளிவந்த ‘எழுபதில் சத்யஜித் ராய்’ என்ற தொகுதியைப் புரட்டுவோர் ஒரு மேதையின் முகத்தைப் பல நூறு கோணங்களில் காண்பர். வங்கத்தை அதில் தேடுவோர் முகத்தை விட்டு விளிம்பை வாசித்தல் வேண்டும். பக்தி எடுத்த படம் என்பதற்காக அதனைத் தள்ளவேண்டுவதில்லை. மெய்க்கீர்த்தியும் புகழ்ச்சியே, அதிலிருந்து நாம் ஊர்ப்பெயரும் நிலவளவும் எடுத்துக் கொள்கிறோம் அல்லமோ?

களப்படத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அதைக் கூப்பி கைனே பாகா பைனே படமே நன்கு காட்டும். 1969-இல் வெளிவந்த இப்படத்தின் கதை ராயின் பாட்டனார் உபேந்திரகிசோர் எழுதியது. அவர் நுண்புள்ளி முறையில் நிழற்படத்தை அச்சிடும் கலையில் இந்நாட்டின் முன்னோடி என்பது நம் பொருளுக்கு இயைந்த செய்தி. கதைப்பாடகர், மூங்கிற்காடு, பேய்கள், சிறுவர் நகைச்சுவை என்று வங்கத்தின் மண்மணம் முற்றும் கமழும் படம் அது. கதையில் வரும் வேற்றரசுகளின் புறக்காட்சிகளுக்கு இராசத்தானத்தின் சைசல்மேர் முதலிய இடங்கள் பயன்பட்டன. அவ்வளவில் நிலக்கலப்பைக் களப்படம் காட்டிவிடும். ஆனால் அப்படத்தில் புகழ்பெற்ற பேய்க்கூத்து ஒன்றுண்டு. அரசர், எளிய மக்கள், ஐரோப்பியர், பருத்த உடலினர் என நால்வகைப் பேய்கள் ஆடுவர். அக்கூத்துக்கு ராய் அமைத்த இசை முழுதும் தென்னாட்டுத் தாளக்கருவிகளால் ஆயது. அரசர்க்கு மிருதங்கம், எளியோர்க்குக் கஞ்சிரா, ஐரோப்பியர்க்குக் கடம், பருத்தோர்க்கு மோர்சிங் என்று அவர் பகுத்தார். கருப்பொருள்களுள் பறையும் ஒன்றாதலை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கும். வங்கத்துப் பேய்க்குத் தமிழ்நாட்டார் மேடையில் கேட்டுப் பழகிய பறை! படத்தைக் காதாற் கேட்டாலன்றி இக்கலப்பு விளங்காது. ஆயிரம் களப்படங்களை அடுக்கினும் அங்கே ஒரு மிருதங்கத்தின் ஓசை எழப்போவதில்லை. ஆகவே படத்தைக் கேளாது களப்படத்தை மட்டும் கொண்டு ஒரு படத்தின் நிலத்தன்மையைத் தீர்மானித்தல் தவறு.

மறுதலையாக, படம் அழியும் காலத்தில் களப்படத்தின் மதிப்பு உயரும். 1993 ஜூலையில் இலண்டனில் ஒரு படச்சுருள் ஆய்வகம் தீப்பற்றியபோது, அங்குச் செப்பனிடக் கொண்டுசென்றிருந்த ராயின் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் கருகின. பதேர் பாஞ்சாலியும் அவற்றுள் ஒன்று. எஞ்சிய துண்டுகளையும் பிற இடங்களில் இருந்த நகல்களையும் கொண்டு அப்பு வரிசையின் மூன்று படங்களும் 2015-இல் செம்மையாக மீட்கப்பெற்றன. தீயில் வெந்த ஏட்டைப் பிற படிகளோடு ஒப்புநோக்கிப் பாடம் காணும் பதிப்பாசிரியர்க்கு இவ்வுழைப்பின் அருமை சொல்லவேண்டா. இத்தகைய பணியில் ஒளியின் அடர்த்தி, ஆடையின் சாயல், சுவரின் நிறத்தரம் ஆகியவற்றுக்குக் களப்படம் துணைச்சான்றாக வரும்.

துணைச்சான்றாக வருதற்கு முதலில் அது இன்ன படத்தின், இன்ன ஊரின், இன்ன நாளின் படம் என்று தெரியவேண்டும். கோஷின் மூலச்சுருள்கள் பல்லாயிரம் தில்லியிலுள்ள ஒரு கலைக்கூடத்தின் காப்பில் சேர்ந்துள்ளன. அவற்றினின்று தேர்ந்தவை கண்காட்சிகளாகவும் நூல்களாகவும் வந்துள்ளன. கண்காட்சி அமைப்போர் அழகிய படத்தைத் தேர்வர். அது அவர் கடமை. ஆராய்ச்சியாளர்க்கு வேண்டுவது அழகற்றதும்கூட. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பிடித்த முப்பத்தாறு சட்டங்களையும் வரிசை கெடாமல் காண்போமாயின், எந்தச் சுவர் முதலில் எழுந்தது, எது பின்னர் மாற்றப்பட்டது, ஊரார் எப்போது வந்து கூடினர் என்பதெல்லாம் புலப்படும். ஒன்றைமட்டும் பிரித்துச் சட்டமிட்டு மாட்டினால் அது கலைப்பொருள். ஆவணத்தன்மை பாதி போய்விடுகிறது.

ஆதலின், நம் துறையில் திரைப்படத்தை ஆராயப் புகும் மாணவர் ஒவ்வொரு படத்தின்கீழும் அது படச்சட்டமா, விளம்பரப் படமா, களப்படமா என்பதையும், எடுத்தவர் பெயரையும், தெரிந்தவளவில் ஊரையும் ஆண்டையும் குறித்தல் வேண்டும் என்று இனி வற்புறுத்த எண்ணியுள்ளோம். மற்றொரு பணி விரைந்து செய்யவேண்டியது. பன்சி சந்திரகுப்தாவின் பெயர் படத்தின் முகப்பில் உண்டு. அவர் வரைந்ததைச் சுவராக்கிய தச்சர், காரை பூசியோர், துணி விரித்தோர் பெயர்கள் எங்குமில்லை. அவர்கள் முகங்கள் கோஷின் சட்டங்களின் ஓரங்களில் உள்ளன. அவர்களோடு பணிபுரிந்தோருள் இன்று இருப்பவர் மிக முதியவர். தாலிகஞ்சு ஸ்டூடியோக்களில் வேலைபார்த்த குடும்பங்களுக்கு அப்படங்களை எடுத்துச்சென்று, விளிம்பில் நிற்பவர் யார் என்று கேட்டெழுதுதல் இன்னும் சில ஆண்டுகளுக்கே இயலும்.